எந்த வெள்ளம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
இந்த ஆண்டு வெள்ளம் வந்ததா?

நான் சாத்தூர்க்காரி.
எங்களுக்கு வெள்ளம் என்றால்
வைப்பாறு எப்போதாவது ஞாபகம் வந்து கொண்டுவருவது.
றோஸ்லெட் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி கேட்டாள்:
"எந்த வெள்ளத்தக் கேக்குதிய?
குடிக்கதா, முக்குனதா?"

தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
கடலைக் கண்டதும் ஆறு தயங்கி அகலும் இடத்தில் அவள் வீடு.
பின்புறம் பதினோரு உறை இறக்கிய கிணறு.
மேல் உறையில் விரல் தடிமனுக்குச் சேற்றுக்கோடு.
கோட்டின்மேல் ஒரு நத்தை,
இறங்கவும் முடியாமல்
ஏறவும் மனசில்லாமல்.

வேலிக்கு அப்பால் வறுவேலின் நேந்திரன் தோட்டம்.
சித்திரை வெயில் இந்த முறை வைகாசியிலும் போகவில்லை.
வண்டு பெருகிற்று.
மூட்டுக்கு ஒரு கை குருணை மருந்து
இரண்டு கையானது.
இடவப்பாதி வரும் என்று உரமும் போட்டுவிட்டார்.
வரவில்லை.
கரையாத யூரியா வேரடியில் உட்கார்ந்திருந்தது,
கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

புரட்டாசியில் ஒரே ராத்திரி.
இரண்டு மாதத்து மழை.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள்:
உரம், குருணை,
மேட்டுத்தெருவின் கக்கூஸ் குழிகள்,
ஒர்க்‌ஷாப் வாசலில் ஊறிக்கிடந்த கறுப்பு ஆயில்,
யாருடையதோ ஒரு கோழி, செத்தது.
நேரே வந்து இறங்கிய இடம்
றோஸ்லெட்டின் கிணறு.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தது.
மாசியிலிருந்து ஊர் முழுக்க மோட்டார் போட்டு இழுக்க
ஊற்று இறங்கியது.
இறங்கிய இடத்தில்
மண்ணுக்கு அடியில், ஒரு அலைச்சத்தமும் இல்லாமல்
கடல் வந்து அமர்ந்திருந்தது.
"ஓரு ஏறிப்போச்சு" என்றாள்.
சிறுபயறு ஆறு விசிலுக்கும் வேகவில்லையாம்.
சோப்பு நுரைக்கவில்லையாம்.
மழை வந்தால் உப்பு கழுவிப்போகும் என்று
எல்லோரும் மழையைத்தான் வேண்டிக்கொண்டார்களாம்.

நாற்காலி போட்டாள்.
எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள்:
"முதல்ல வெள்ளம் குடியுங்க."
என் பையில் என் பாட்டில் இருந்தது.
அதை எடுப்பதற்கு ஒரு கை வேண்டும்,
அந்தக் கை எனக்கு இல்லை.
குடித்தேன்.
குளிர்ச்சியாக இருந்தது.
ஓரத்தில், கண்ணீர் உதட்டைத் தொட்டால் கரிக்குமே,
அவ்வளவுதான்.

பிறகு என் வேலை.
அதே நீரால் மூன்று தடவை கலத்தைக் கழுவு,
நிரப்பு, மூடு, பெயர் எழுது, ஐஸ் பெட்டியில் வை.
நைட்ரேட் அறுபத்தெட்டு.
நாற்பத்தைந்துக்கு மேல் போனால் சிவப்பு மையில் எழுதவேண்டும்.
குருணைக்கான சோதனை எங்கள் ஆய்வகத்தில் கிடையாது,
அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு.
ஒன்றுமில்லை என்பதற்கும்
எங்களுக்குத் தெரியாது என்பதற்கும்
ஒரே கோடு.

கிருமிக் குப்பியை
நாகர்கோவில் விடுதி ஜன்னலில் வைத்துப் படுத்தேன்.
மாலையில் தேன்நிறம்.
விடிந்தபோது அது கறுத்திருந்தது,
குப்பிக்குள் மட்டும் இரவு முடியாததுபோல.
வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன்.
அது எதுவும் சொல்லவில்லை.

ஏழாவது கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினேன்.
எந்த வெள்ளம் என்று எழுத இடமில்லை.

எட்டரைக்கு அவளே கூப்பிட்டாள்:
"நம்ம வெள்ளம் கொள்ளாமா?"
பின்னால் ஒரு பையன் வாய் கொப்பளிக்கும் சத்தம்.
"கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்றேன்.
கொதித்தால் கறுப்பு சாகும்.
உப்பு சாகாது. யூரியா சாகாது. கோடு சாகாது.
இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று
நான் யோசிப்பதற்குள் அவள் சொன்னாள்:

"கேஸ் தீந்துட்டு.
விறகு அப்பிடியே நனஞ்சு கெடக்கு."